குவில்டிங் கற்க ஆன்லைன் வகுப்பா, பக்கத்துக் கடையா? பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் குடிவந்த முதல் குளிர்காலத்தில் எனக்குக் குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைக்கும் ஆசை வந்தது. ஊரில் ப்ளவுஸ் தைத்த கை, ஒட்டுத்துணி தைப்பது என்ன பெரிய வித்தை என்ற மிதப்பு. தள்ளுபடி என்று வந்த மூன்று ஆன்லைன் வகுப்புகளை ஒரே ராத்திரியில் வாங்கிப்போட்டேன். நான்கு மாதம் கழித்து என் கையில் இருந்தவை, ஒன்றோடொன்று பொருந்தாத முப்பது சதுரங்கள். எந்த வீடியோவை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தும் எங்கே தப்பு என்று பிடிபடவில்லை.

கடைசியில் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் இருக்கும் ஒரு குவில்ட் கடையில் மூன்று மணி நேர வகுப்புக்குப் போனேன். டீச்சர் என் சதுரத்தைத் திருப்பினார், பின்பக்கத் தையலில் ஸ்கேலை வைத்தார், "தேய்க்கும்போது எப்படித் தேய்க்கிறாய், செய்து காட்டு" என்றார். பத்தே நிமிடம். இரண்டு கோளாறுகளும் தெரிந்துவிட்டன.

அதனால் என் யோசனை இதுதான்: முதல் வகுப்பைக் கடையில் படியுங்கள், ஆன்லைனை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நான் தலைகீழாகச் செய்து பட்ட பாட்டை வைத்து, படிப்படியாக எழுதியிருக்கிறேன். நான் சொல்லும் தொகையெல்லாம் நான் கொடுத்தது. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

1. முதலில் வகுப்பின் பெயரைப் படியுங்கள்

குவில்ட் என்பது மூன்று அடுக்கு: மேலே சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்துச் செய்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பான பேட்டிங், கீழே அடித்துணி. துண்டுகளை இணைப்பதற்குப் பெயர் பீசிங். மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடித்து ஓட்டும் தையலுக்குத்தான் குவில்டிங் என்று பெயர். கடைசியில் ஓரத்தைச் சுற்றி நாடா போலத் துணி வைத்து மூடுவது பைண்டிங்.

இது தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். "மெஷின் குவில்டிங்" என்று போட்டிருந்தால் அது மேல்துணியைத் தைத்து முடித்தவர்களுக்கான வகுப்பு. "ஃப்ரீ மோஷன்" என்றால் துணியைக் கையாலேயே நகர்த்திக் கோலம் போடுவது போலத் தைப்பது. இப்போதைக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள். "பேப்பர் பீசிங்" என்பதும் வேறு வித்தை. "முதல் குவில்ட்" அல்லது "தொடக்கநிலை பீசிங்" என்று இருந்தால் மட்டும் பெயர் கொடுங்கள்.

2. ஊரிலிருந்து மெஷின் கொண்டுவராதீர்கள்

அம்மா வீட்டு மெஷின் மீது பாசம் இருக்கலாம். ஆனால் நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், அமெரிக்காவில் 120. மோட்டார் வைத்த மெஷினைக் கொண்டுவந்தால் அதற்கொரு கனமான மின்மாற்றியும் வாங்க வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு எந்த வகுப்புக்கும் போக முடியாது.

இங்கே சுமார் 200 டாலருக்கு நேர்த்தையல் ஒழுங்காகப் போடும் மெஷின் கிடைக்கும். ப்ரதர், ஜனோமி, சிங்கர் எதுவானாலும் ஆரம்பத்துக்குப் போதும். மெஷின் விற்கும் கடைகள் பலவற்றில், வாங்கினால் அந்த மெஷினை ஓட்டப் பழக்கும் வகுப்பு இலவசம். வாங்குவதற்கு முன்பே கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது மெஷினைப் பழகும் வகுப்பு, குவில்ட் வகுப்பு அல்ல.

இன்னொன்று. வகுப்பில் உட்காரும்போதே "இதைவிட நல்ல மெஷின் பார்க்கிறீர்களா" என்று பேச்சு வரும். ஆயிரக்கணக்கான டாலர் மெஷின்கள் அங்கே வரிசையாக நிற்கும். மூன்று குவில்ட் முடிக்கும்வரை காது கேட்காதது போல இருங்கள்.

3. நூலக அட்டை எடுங்கள்

ஒரு டாலர் செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள். புகைப்பட அடையாள அட்டை, வீட்டு முகவரிக்கு ஆதாரம் (வாடகை ஒப்பந்தமோ கரண்ட் பில்லோ) இரண்டும் இருந்தால் பெரும்பாலான ஊர்களில் உள்ளூர்வாசிகளுக்கு இலவசமாக அட்டை தருகிறார்கள். பில் கணவர் பெயரிலோ மனைவி பெயரிலோ மட்டும் இருக்கிறது என்றால் இருவருமாகப் போய்விடுங்கள். நான் தனியாகப் போய்த் திரும்பி வந்தவள்.

அந்த அட்டையை வைத்து குவில்ட் புத்தகங்களை எடுக்கலாம். பல நூலகங்கள் கைவேலை வீடியோத் தளங்களை உறுப்பினர்களுக்கு இலவசமாகத் திறந்துவிடுகின்றன. சில நூலகங்களில் தையல் மெஷின் வைத்த அறையே உண்டு. நான் காசு கொடுத்து வாங்கிய வகுப்புகளில் ஒன்றின் சங்கதி அத்தனையும் நூலகப் புத்தகம் ஒன்றில் படத்தோடு இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். வயிறு எரிந்தது.

4. கடை வகுப்புக்குப் பெயர் கொடுப்பது

2025-இல் துணியும் கைவேலைப் பொருளும் விற்ற ஜோஆன் கடைகள் நாடு முழுக்க மூடப்பட்ட பிறகு, பக்கத்தில் துணிக்கடையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். குவில்டுக்கென்றே இருக்கும் சிறு கடைகள் வேறு. வரைபடத்தில் "குவில்ட் ஷாப்" என்று தேடினால் வரும். பெரும்பாலும் ஒரே குடும்பம் நடத்துவது. மாலை ஐந்து மணிக்கெல்லாம் கதவைச் சாத்திவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை சகஜம். வகுப்புகள் வாரநாள் காலையிலோ சனிக்கிழமையிலோ இருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமைதான் வழி, அதுதான் முதலில் நிரம்பும். குறைந்தது மூன்று வாரம் முன்னால் இடம் பிடியுங்கள்.

நான் கட்டியது மூன்று மணி நேரத்துக்கு 45 டாலர். பணம் கட்டும் முன் போன் போட்டு இவற்றைக் கேளுங்கள்:

ஒரு வகுப்பில் எத்தனை பேர்? ஆறு பேர் என்றால் நல்லது. பன்னிரண்டு பேர் என்றால் டீச்சர் உங்கள் மெஷின் பக்கம் வருவதற்குள் பொழுது போய்விடும்.

மெஷின் கொண்டுவர வேண்டுமா, அங்கேயே உண்டா?

நான் வர முடியாமல் போனால் பணம் திரும்புமா? பல கடைகளில் ஒரு வாரத்துக்கு முன் சொன்னால்தான் திரும்பும், அதுவும் பணமாக இல்லாமல் கடையில் துணி வாங்கிக்கொள்ளும் வரவாக. ஆள் சேராமல் கடையே வகுப்பை ரத்து செய்தால் என்ன என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தையை அழைத்து வரலாமா? பெரும்பாலும் இல்லை. தரையில் ஊசியும் வெட்டுக்கத்தியும் கிடக்கும் இடம்.

5. பொருள் பட்டியலில்தான் காசு கரையும்

வகுப்புக்கட்டணம் 45 என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள். இரண்டு நாள் கழித்து மின்னஞ்சலில் ஒரு பட்டியல் வரும். அங்கேதான் நிதானம் வேண்டும்.

கட்டாயம் வாங்க வேண்டியவை: 45 மில்லிமீட்டர் ரோட்டரி கட்டர் (சக்கரம் போல உருளும் கத்தி), 18க்கு 24 இன்ச் வெட்டும் பாய், 6க்கு 24 இன்ச் கண்ணாடி போன்ற ஸ்கேல். மூன்றும் சேர்ந்து எனக்கு 75 டாலர் ஆயிற்று. இவற்றில் மட்டமானதை வாங்காதீர்கள். தையல் பிரிக்கும் கருவி ஒன்று. அது மெஷின் பெட்டிக்குள்ளேயே இருக்கும், திரும்ப வாங்காதீர்கள். 50 எண் பருத்தி நூல் ஒரு கண்டு, 80/12 ஊசி ஒரு பாக்கெட்.

யோசித்து வாங்க வேண்டியவை: அந்த ஒரு டிசைனுக்கு மட்டும் பயன்படும் தனி ஸ்கேல். 25 டாலர் இருக்கும், வகுப்பு முடிந்ததும் டிராயரில் தூங்கும். "வகுப்பில் இரவல் கிடைக்குமா" என்று கேட்டால் பல கடைகளில் தருவார்கள். டிசைன் புத்தகத்தை மட்டும் ஒவ்வொருவரும் காசு கொடுத்து வாங்கச் சொல்வார்கள். அது நியாயம்தான், பக்கத்து இருக்கைக்காரரிடம் போட்டோ எடுக்கப் பார்க்காதீர்கள்.

துணி கஜம் 12 முதல் 14 டாலர். முதல் தடவை கேட்டதும் தலை சுற்றும். துணியின் அகலம் 42 முதல் 44 இன்ச். "ஃபேட் குவார்ட்டர்" என்றால் 18க்கு 22 இன்ச் துண்டு. அதே பரப்பில் சாதாரணக் கால் கஜம் என்றால் 9 இன்ச் அகலத்தில் நீளப் பட்டையாக வரும். டிசைனில் ஃபேட் குவார்ட்டர் என்று இருந்து நீங்கள் கால் கஜம் வெட்டி வாங்கினால் பெரிய துண்டுகள் அதில் வராது. நான் எட்டு நிறத்தில் அப்படி வாங்கி வந்து நின்றேன். வெட்டிய துணியைத் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

"ஜெல்லி ரோல்" என்பது இரண்டரை இன்ச் பட்டைகளாக ஏற்கெனவே வெட்டிச் சுருட்டிய துணிக்கட்டு, நாற்பது பட்டை போல இருக்கும். "சார்ம் பேக்" ஐந்து இன்ச் சதுரங்கள். வெட்டும் வேலை மிச்சம் என்று தோன்றும். ஆனால் வெட்டப் பழகுவதற்குத்தானே வகுப்புக்குப் போகிறீர்கள்? முதல் குவில்டுக்கு வேண்டாம்.

நம் வீட்டுச் சேலைகள்: பழைய சுங்குடி, செட்டிநாட்டுப் பருத்தி எல்லாவற்றையும் குவில்டில் போட ஆசை வரும், போடுங்கள். ஆனால் முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சிவப்பும் கருநீலமும் சாயம் விட்டால், துவைக்கும் அன்றைக்கு மொத்தக் குவில்டும் போச்சு. ஜரிகைப் பக்கம் சூடான இஸ்திரியைக் கொண்டுபோகாதீர்கள்.

6. வகுப்பு நாளில்

மெஷினோடு பவர் வயர், கால் பெடல், பாபின் (அடிநூல் சுற்றும் சின்ன உருளை) எல்லாம் எடுத்துப் போங்கள். பெடலை மறந்து வருவது எல்லா வகுப்பிலும் ஒருவராவது செய்யும் காரியம். அன்றைக்கு அந்த ஒருவர் நான்தான். கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே கடை மெஷினில் உட்காரவைத்தார்.

மூன்று மணி நேரத்தில் அழகான சதுரம் தைத்து எடுத்துப் போவதில் கண்ணாக இருக்காதீர்கள். அதை வீட்டில் செய்துகொள்ளலாம். டீச்சர் உங்கள் கையைப் பார்த்துத் திருத்த வேண்டியவை மூன்றுதான்: கட்டரைப் பிடிக்கும் விதம், தையலின் அகலம், இஸ்திரி.

கட்டர்: உங்களை நோக்கி இழுக்காமல் எதிர்ப்பக்கம் தள்ளி வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தியை மூட வேண்டும், "இதோ அடுத்தது வெட்டப்போகிறேனே" என்றாலும். பீட்சா வெட்டுவது போல முன்னும் பின்னும் ஓட்டினால் துணி நகர்ந்துவிடும்.

இஸ்திரி: நாம் சட்டை தேய்ப்பது போல இங்கே தேய்க்கக் கூடாது. வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இழுத்துத் தேய்த்தால் சிறு துண்டுகள் கோணலாக நீண்டுவிடும். என் முதல் கோளாறு இதுதான். வீடியோவில் அந்த அம்மாவும் தேய்த்தார், நானும் தேய்த்தேன்; இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதாக எனக்குப் படவே இல்லை.

என் இரண்டாவது கோளாறு தையலின் அகலம். அதற்குத் தனியாக ஒரு படி வேண்டும்.

7. கால் இன்ச் சோதனை

குவில்ட் பீசிங்கில் தையலுக்கு விடும் துணி கால் இன்ச். ப்ளவுஸ் தைத்துப் பழகிய நமக்குத்தான் இது கஷ்டம். பின்னால் பிரித்துவிட உதவும் என்று உள்ளே தாராளமாகத் துணி விட்ட கை அல்லவா, தானாகவே உள்பக்கம் போகும்.

கொஞ்சம்தானே என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு தையலிலும் ஒரு இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு அதிகமாகப் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கத் துணியிலும் அது போவதால் ஒரு தையலுக்கு எட்டில் ஒரு பங்கு குறையும். ஒன்பது சதுரம் சேர்ந்த ஒரு கட்டத்தில் குறுக்கே இரண்டு தையல். கால் இன்ச் குறைந்தாயிற்று. அப்படி எட்டுக் கட்டம் ஒரு வரிசையில் வந்தால் 23 தையல். கிட்டத்தட்ட மூன்று இன்ச் காணாமல் போகும். பக்கத்து வரிசையை வேறொரு டிசைனில் வேறு எண்ணிக்கைத் தையலோடு தைத்திருந்தால் இரண்டும் எப்படிப் பொருந்தும்? என் முப்பது சதுரங்களின் கதை இதுதான்.

சோதனை இப்படி. ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டுங்கள். பக்கம் பக்கமாக இணைத்துத் தைத்து, அழுத்தி, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஒரு இன்ச் இருக்க வேண்டும், மொத்த அகலம் மூன்றரை. நடுப்பட்டை ஒரு இன்ச்சுக்குக் குறைந்தால் நீங்கள் துணியை அதிகம் பிடிக்கிறீர்கள். மெஷினின் அழுத்துபாதத்தின் ஓரத்தை நம்பாதீர்கள், எல்லா மெஷினிலும் அது கால் இன்ச் இல்லை. ஊசியிலிருந்து கால் இன்ச் அளந்து மெஷின் தட்டில் பெயின்டர் டேப் ஒட்டி, துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போகும்படி தையுங்கள். துணி மடங்கும் இடத்திலும் ஒரு நூல் அகலம் போய்விடுவதால், கால் இன்ச்சுக்கு ஒரு மயிரிழை குறைவாகத் துணி பிடித்துத் தைத்தால் கணக்கு சரியாக வரும்.

புது மெஷின், புது ஊசி, புது வீடு, எது மாறினாலும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பத்து நிமிடம்தான்.

8. இப்போது ஆன்லைன் பக்கம் வரலாம்

கை பழகிய பிறகு ஆன்லைன் மாதிரி வசதி கிடையாது. பிள்ளைகள் தூங்கிய பிறகு, ராத்திரி பத்து மணிக்கு, புரியாத இடத்தைப் பத்து முறை ஓட்டிப் பார்க்கலாம். நான் இடக்கைக்காரி. கடை டீச்சர் வலக்கையால் வெட்டிக் காட்டியதைத் தலைக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்தே களைத்துப்போனேன்; இடக்கைக்காரர்களுக்கென்று ஒருவர் எடுத்த வீடியோ அதை ஆறு நிமிடத்தில் தீர்த்தது. இந்த ஒரு விஷயத்தில் கடை தோற்றது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

முதலில் இலவசத்தைத் தீர்த்துவிடுங்கள். மிசௌரி மாநிலம் ஹாமில்டன் என்ற சிற்றூரில் இருக்கும் மிசௌரி ஸ்டார் குவில்ட் கம்பெனியின் யூடியூப் பாடங்களில் ஜென்னி டோன் எளிய டிசைன்களை மெதுவாகச் சொல்லித்தருவார். ஒரு வருடத்துக்கு அதுவே போதும். பல பாடங்கள் வெட்டி வைத்த துணிக்கட்டுகளை வைத்துச் செய்பவை என்பதையும், அந்தக் கட்டுகளை அதே கம்பெனி விற்கிறது என்பதையும் மட்டும் மனதில் வையுங்கள்.

காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் கவனிக்க வேண்டியவை:

"வாழ்நாள் முழுவதும் பார்க்கலாம்" என்ற வாக்கு அந்தத் தளத்தின் வாழ்நாளைப் பொறுத்தது. கைவேலை வகுப்புகள் விற்கும் கிராஃப்ட்ஸி தளம் ப்ளூபிரிண்ட் என்று பெயர் மாறி, 2020-இல் மூடப்போவதாக அறிவிப்பு வந்து, பிறகு வேறு நிறுவனம் வாங்கி மறுபடி கிராஃப்ட்ஸியாக நடக்கிறது. பாடக்குறிப்புகளையும் அளவுத் தாள்களையும் வாங்கிய அன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வருடச் சந்தா முதல் வருடம் மலிவாக இருக்கும், இரண்டாம் வருடம் முழு விலைக்குத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வாங்கிய கையோடு நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். மாதம் ஒரு கட்டம் அனுப்பும் "ப்ளாக் ஆஃப் தி மந்த்" திட்டங்களும் அப்படித்தான். ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் அட்டையில் பிடிப்பார்கள், நடுவில் விட்டால் பாதிக் குவில்டுக்கான துணி மட்டும் மிஞ்சும்.

நேரலை வகுப்பு என்றால் எந்த நேர மண்டலம் என்று பாருங்கள். கிழக்குக் கரைக்கும் டல்லாஸுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். நான் ஒரு வகுப்பில் முடியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நீங்கள் தைத்ததைப் படம் எடுத்து அனுப்பினால் டீச்சர் பார்த்துச் சொல்வாரா என்றும் கேளுங்கள். சொல்வார் என்றால் கூடுதலாகக் கொடுக்கலாம்.

9. விசாவில் இருப்பவர்களுக்கு

எச்4-இல் (வேலை விசாவில் இருப்பவரின் மனைவி, கணவன், பிள்ளைகளுக்கான விசா) இருப்பவர்கள் வகுப்பில் சேரத் தடை இல்லை. பி2 சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அம்மாவோ அத்தையோ கூட, மதிப்பெண்ணோ பட்டமோ இல்லாத இப்படிப்பட்ட குறுகிய பொழுதுபோக்கு வகுப்புக்கு வரலாம். சிக்கல் விற்பதில்தான். வேலை அனுமதி இல்லாத எச்4-இல் இருந்துகொண்டு தைத்த குவில்டை இணையத்தில் விற்பதோ, கடையில் சம்பளத்துக்குச் சொல்லிக்கொடுப்பதோ கூடாது. "சும்மா துணிக்காசுக்குத்தானே" என்று தோன்றும். அதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

10. முதல் குவில்டின் கணக்கு

40 இன்ச்சுக்கு 40 இன்ச் குழந்தைக் குவில்ட், ஒன்பது சதுரம் சேர்ந்த கட்டங்கள், இதைத் தாண்டாதீர்கள். என் செலவு: வகுப்பு 45, கருவிகள் 75, அடித்துணியும் பைண்டிங்கும் சேர்த்து நாலரை கஜம் துணி 13 டாலர் வீதம் ஏறக்குறைய 59, பேட்டிங் 15. மெஷின் நீங்கலாக 194 டாலர். போனில் அம்மாவிடம் சொன்னபோது, "நல்ல துணியை வெட்டி வெட்டி ஒட்டுப்போடறதுக்கு இவ்வளவு காசா?" என்றார். இரண்டாவது குவில்டில் வகுப்பும் கருவியும் கழிந்துவிடும்.

நேரம்: வெட்ட ஒரு சனிக்கிழமை, தைக்க மூன்று நான்கு மாலைகள், அடுக்குகளைப் பிடித்து நேர்க்கோடாகத் தைக்க இன்னொரு வார இறுதி, பைண்டிங் ஒரு மாலை. பிறந்தநாளுக்கு என்றால் ஆறு வாரம் முன்னால் ஆரம்பியுங்கள்.

பெரிய குவில்டின் அடுக்குகளை வீட்டு மெஷினுக்குள் நுழைப்பது மல்யுத்தம். அதற்கு லாங் ஆர்ம் என்ற பெரிய மெஷின் வைத்திருப்பவர்களிடம் கூலிக்குக் கொடுப்பார்கள். சதுர இன்ச்சுக்கு இரண்டு மூன்று சென்ட் என்று கேட்டதும் மலிவு என்று தோன்றும். 60க்கு 72 இன்ச் குவில்ட் 4,320 சதுர இன்ச். இரண்டரை சென்ட் என்றால் 108 டாலர். குறைந்தபட்சக் கட்டணம் உண்டா, பேட்டிங் நீங்கள் தரவேண்டுமா, அடித்துணி ஒவ்வொரு பக்கமும் எத்தனை இன்ச் கூடுதலாக இருக்க வேண்டும் (நான்கு இன்ச் என்பார்கள்), எத்தனை வாரம் ஆகும் என்று கேளுங்கள். தீபாவளிக்குக் கொடுக்க நினைத்தால் செப்டம்பர் தொடக்கத்திலேயே கொண்டுபோய்ச் சேருங்கள். அக்டோபரில் எல்லோரும் கிறிஸ்துமஸ் குவில்டோடு வரிசையில் நிற்பார்கள்.